சூலக்கல் கியர்ஸுக்குப் பெண் கொடுக்கலாமா

ஆகஸ்ட் 29, வெள்ளி

தரகர் சுப்பண்ணன் வந்துவிட்டார். போன வரனை நான் வேண்டாம் என்றபோது, "இனி இந்த வாசப்படி மிதிச்சா எம்பேரு சுப்பண்ணன் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன், இன்றைக்குச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே காப்பி கேட்கிறார். பெயரை மாற்றிக்கொண்டீர்களா என்று கேட்டேன். சர்க்கரை கம்மியாக என்றார்.

இந்த வரனின் பெயர் பிரகதீஷ். முப்பத்தொரு வயது. மெக்கானிக்கல் படித்துவிட்டு அப்பாவின் கம்பெனியிலேயே இருக்கிறான். அப்பா பெயர் அவிநாசியப்பன். அம்மா இல்லை, போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறதாம். கம்பெனி, மலுமிச்சம்பட்டியில் இருக்கும் சூலக்கல் கியர்ஸ் லிமிடெட். நூல் மில்களுக்குக் கியர் பாக்ஸ் செய்கிறார்கள். "லிமிடெட்டுங்க, ஷேர் மார்க்கெட்டுல பேர் வருதுங்க" என்று சுப்பண்ணன் மூன்று தடவை சொன்னார். பேர் எதற்கு வருகிறது என்று அவர் சொல்லவில்லை.

ஜாதகம் பொருந்திவிட்டது. அது எப்போதும் பொருந்தித் தொலைக்கும். நான் பார்க்கிற பொருத்தம் வேறு. முப்பத்தாறு வருடம் வங்கியில் குப்பை கொட்டினவள் நான், பாதிக்கு மேல் கடன் பிரிவில். பெரிய வீடு, பெரிய கார், வாசலில் இரண்டு நாய் என்று இருப்பவனுக்குக் கழுத்து வரை கடன் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் வருகிற வரன்களிடம் சிபில் ஸ்கோர் கேட்கிறேன். இதில் என்ன தப்பு? போன மாதம் ஒரு மாப்பிள்ளையின் அம்மா, "ஏனுங்க, நாங்க பொண்ணு பாக்க வந்தமா, லோன் கேக்க வந்தமா" என்று எழுந்து போய்விட்டார். ஸ்கோர் நன்றாக இருந்தால் எதற்கு எழுந்து போக வேண்டும்?

மதுவந்திக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. பல் டாக்டர். நான் பெற்றது அவள் ஒருத்தியைத்தான். அவளுக்கான ஜாதகத் தாளை என் வீட்டுக்காரர் ஜெகந்நாதன் டைப் அடித்திருக்கிறார்: தந்தை பெயர், ஊர், கோயில், தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி'. என் பெயர் தேவசேனா என்பது முப்பது வருடத்தில் அவருக்கு மறந்துவிட்டதாம். அதிகாரி என்று போட்டால் வெயிட்டாக இருக்கும் என்று சமாளிக்கிறார்.

இன்னும் கொஞ்ச நாளில் புரட்டாசி பிறந்துவிடும், அதற்குள் அவர்களுக்கு முடியாது, ஐப்பசியில் பெண் பார்க்க வருகிறார்கள். நல்லது. எனக்கும் விசாரிக்க நேரம் வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மற்ற சம்பந்தி வீடுகளைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரன், பால்காரன், கோயில் பூசாரி என்று அலைய வேண்டும். எல்லாரும் "தங்கமான குடும்பமுங்க" என்பார்கள். லிமிடெட் கம்பெனியில் அந்தத் தொல்லை இல்லை. வருடா வருடம் தங்கள் வண்டவாளத்தைத் தாங்களே அச்சடித்து ஊருக்குக் கொடுக்க வேண்டும்.

கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக நஷ்டம். போன வருடம் முப்பத்தெட்டுக் கோடிக்கு விற்று, ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் நஷ்டம் செய்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடம் இன்னும் மோசம். சரக்கு வாங்கிய மில்காரர்களிடமிருந்து பணம் வரவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. ஜெர்மனியிலிருந்து மெஷின் வாங்க வங்கிக் கடன், அதற்கு அவிநாசியப்பன் சொந்த ஜாமீன். சொந்த ஜாமீன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கம்பெனி விழுந்தால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும், நானே எத்தனையோ வீட்டுக் கதவில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

முடிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆனாலும் எதையும் முழுதாகப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்பதால் இருபத்தைந்து பங்கு வாங்கினேன். பங்கு இருபத்துமூன்று ரூபாய். என் கணக்கில், என் பெயரில். இந்தக் கம்பெனி பங்கை யாரும் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. நான் கேட்டதும் விலை அறுபது பைசா ஏறிவிட்டது. மாத இறுதியில் பங்குதாரர் கூட்டம். போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போகிறது.

செப்டம்பர் 6, சனி

மது அந்தப் பையனை ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு காப்பிக் கடையில் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பேசினீர்கள் என்றேன். கியருக்குப் பல் எப்படி வெட்டுவார்கள் என்று அவன் சொன்னானாம். இவள் கடைவாய்ப் பல் எப்படித் தேயும் என்று சொன்னாளாம். இரண்டரை மணி நேரம்! பைத்தியங்கள்.

செப்டம்பர் 10, புதன்

மது இன்று குளிக்கும்போது பாடினாள். ஜெகந்நாதன் ஓடி வந்து கீசரில் ஏதோ கோளாறா என்று கேட்டார்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. ஜெகந்நாதன் நேற்றே ஒரு மாதத்துக்கான மட்டனைச் சாப்பிட்டு முடித்துவிட்டதால் இன்றைக்கு ஜெலுசில். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, வாசல் குழாய்த் தண்ணீரில் சமாளிக்கிறோம். எலக்ட்ரீஷியன் வருகிறேன் என்றான், வரவில்லை.

மது மறுபடியும் அவனைப் பார்க்கப் போயிருக்கிறாள். இது நாலாவதோ ஐந்தாவதோ. நிறைய பழக வேண்டாம், ஐப்பசி வரட்டும் என்று நான் சொன்னேன். "ஏம்மா, ஐப்பசில வேண்டாம்னு சொல்லப் போறியா" என்று கேட்டாள். இதென்ன பேச்சு என்று அதட்டினேன். பதில் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

தோழி வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். புரட்டாசியில் எவள் கிரகப்பிரவேசம் வைக்கிறாள் என்று கேட்கிற அளவுக்கு ஜெகந்நாதனுக்கு விவரம் இல்லை.

அவிநாசி ரோட்டில் ஒரு சங்கக் கட்டிடத்தின் மாடி. அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், வந்தது இருபது பேர், அதில் பாதி கம்பெனி ஆட்கள். வாசலில் டிபன் டப்பா கொடுத்துக்கொண்டிருந்தது பிரகதீஷ். போட்டோவில் இருந்த அதே முகம். முதலாளி மகன் வாசலில் நின்று டப்பா கொடுக்கிறான் என்றால் ஆள் வைக்கக் காசில்லை என்று அர்த்தம். என்னைப் பார்த்து ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு, "இன்னொண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா" என்று இரண்டாவது டப்பாவையும் நீட்டினான். ஓசியில் கொடுத்தே கம்பெனியை முடித்துவிடுவான் போல. உயரம் பரவாயில்லை.

பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பையோடு ஒருவர். ஊரில் இருக்கிற எல்லாக் கம்பெனியிலும் ஒவ்வொரு பங்கு வைத்திருக்கிறாராம், எல்லாக் கூட்டத்துக்கும் போவாராம். "லாபம் வர்றவன் ரெண்டு பிஸ்கோத்த நீட்டுவானுங்க. நட்டத்துல ஓடறவந்தான் மனசாரச் சோறு போடுவான்" என்றார். இதைவிட நல்ல ஆய்வறிக்கை நான் படித்ததில்லை.

அவிநாசியப்பன் மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பட்டன். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைத் தட்டுத் தடுமாறிப் படித்தார், படித்து முடித்ததும் அவருக்கே நிம்மதி. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். மஞ்சள் பைக்காரர் எழுந்து, போன வருடம் போண்டா இருந்தது, இந்த வருடம் ஏன் இல்லை என்று கேட்டார். அவிநாசியப்பன் வருத்தம் தெரிவித்தார்.

அடுத்தது நான். வாராக் கடன் கூட்டத்தில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது. மில்காரர்களிடம் ஏன் இவ்வளவு பணம் நிற்கிறது என்று கேட்டேன். எல்லாரும் தெரிந்தவர்கள்தான், வந்துவிடும் என்றார். தெரிந்தவர்கள் என்றால் வட்டியை யார் கட்டுவது என்றேன். நாம்தான் கட்டுகிறோம் என்றார். எதை வைத்து என்றேன்.

மனுஷன் பொய் சொல்லியிருக்கலாம். எல்லாரும் சொல்வார்கள். "வீடும் தோட்டமும் பேங்க்லதானுங்க இருக்குது" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

அங்கேயே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ கோபம் வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. இவ்வளவு வெள்ளையாக ஒரு ஆள் தொழில் செய்தால் கோபம் வராதா?

"இந்தக் கணக்க வெளிய காட்டாதீங்க ஐயா" என்றேன். "இந்தக் கம்பெனிய நம்பி ஒருத்தன் பொண்ணுகூடக் குடுக்க மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சள் பைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவிநாசியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க" என்றார்.

பையன் வாசலில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். இறங்கிப் போகும்போது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, படியில் வழுக்கும் என்பதால்.

செப்டம்பர் 25, வியாழன்

"சூலக்கல் கியர்ஸ்ல மைசூர்பா நல்லாப் பண்றாங்க" என்றார் ஜெகந்நாதன். டப்பாவின் மேல் கம்பெனி பெயர் ஒட்டியிருந்ததை நான் பிரிக்கவில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

செப்டம்பர் 27, சனி

சுப்பண்ணன் போன் செய்தார். பையன் வீட்டில் வேண்டாம் என்கிறார்களாம்.

பெண்ணைப் பிடிக்கவில்லையா என்றேன். அய்யய்யோ அதெல்லாம் இல்லை என்றார். பிறகு அவிநாசியப்பன் சொன்னதை அப்படியே சொன்னார்: "மீட்டிங்ல ஒரு அம்மா கேட்டுட்டாங்களாமுங்க, இதுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு. அவங்க சொன்னது நாயமுங்க, நல்ல குடும்பத்துப் புள்ளயக் கூட்டியாந்து நம்ம கஷ்டத்துல தள்ளக்கூடாதுங்க அப்படீங்கறார். யாரோ வாயத் தொறந்துட்டுப் போயிட்டா பாருங்க."

ஆமாம், யாரோ.

ஒரு விதத்தில் எனக்கு வேலை மிச்சம். நானே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியது, அவர்களே சொல்லிவிட்டார்கள். மதுவிடம் சொன்னேன். சரிம்மா என்றாள்.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

மது சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறாள். துணியை மடிக்கிறாள். காப்பி வேண்டுமா என்று என்னைக் கேட்கிறாள். நான் பெற்ற பெண் இப்படி இருந்ததே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

"உனக்கு ஏதாவது சொல்லணுமா" என்று கேட்டேன்.

"உனக்கு ஏதாவது சொல்லணுமாம்மா" என்றாள்.

இல்லை என்றேன். இரண்டு பேரும் காப்பி குடித்தோம்.

செப்டம்பர் 29, திங்கள்

பொழுது போகாமல் சூலக்கல் கியர்ஸ் ஆண்டறிக்கையை மறுபடி எடுத்தேன். பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று ஒரு பக்கம் இருக்கும். உருப்படியான எந்த வங்கிக்காரனும் முதலில் பார்க்கும் பக்கம் அதுதான். லாப நஷ்டத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், கைக்கு வந்த காசை அப்படி எழுத முடியாது. முதல் தடவை அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது போல. டேப்லெட்டில் எப்படிப் பக்கம் ஒட்டும் என்று ஜெகந்நாதன் கேட்டார். அவர் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

நஷ்டம் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம். ஆனால் மெஷின் தேய்மானம் என்று எழுதியிருப்பது இரண்டு கோடியே அறுபது லட்சம். தேய்மானம் காகிதத்தில் கழிப்பது, அந்தக் காசு யார் கைக்கும் போவதில்லை. அப்படியானால் வட்டி கட்டியது போக எழுபது லட்சம் கையில் நிற்கிறது! மில்காரர்களிடம் ஐந்து மாத பாக்கி இருந்ததை ஒரே வருடத்தில் மூன்றரை மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். யார் குறைத்தது? பையன் இரண்டு வருடம் முன்புதான் விற்பனைப் பக்கம் வந்திருக்கிறான். ஜெர்மன் மெஷின் கடன் இன்னும் இரண்டு வருடத்தில் முடிகிறது. புதுக் கடன் ஒரு ரூபாய் இல்லை. அவிநாசியப்பன் சம்பளம் என் கடைசி மாதச் சம்பளத்தைவிடக் கம்மி.

தவணை கட்ட ஒன்றரைக் கோடி வருடா வருடம் இடிக்கும், அது உண்மை. ஆனால் பாக்கியை இன்னும் ஒரு மாதம் குறைத்தால் மூன்று கோடி வரும். இரண்டு வருடத்துக்கு விழும் துண்டும் அதில் அடைந்துவிடும். அப்புறம் வீடும் தோட்டமும் வெளியே வந்துவிடும். இதை ஒரு கடன் மனுவாக என் மேசைக்கு அனுப்பியிருந்தால், நாலு கேள்வி கேட்டு, திட்டி, கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இந்தக் கம்பெனியைப் பார்த்து மூழ்குகிறது என்று எந்த முட்டாள் சொன்னது? அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷன் தன் பையன் கல்யாணத்தையே வேண்டாம் என்கிறாரே, அவருக்குத் தன் கணக்கைத் தானே படிக்கத் தெரியாதா?

செப்டம்பர் 30, செவ்வாய்

மது இன்றும் தட்டைக் கழுவினாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கோயமுத்தூரில் இன்றைக்கு எந்த ஃபேக்டரிக்குள்ளும் யாரும் நுழையலாம். வாட்ச்மேன் சல்யூட் அடித்துப் பொரிப் பொட்டலத்தைக் கையில் கொடுப்பான். அதனால் மலுமிச்சம்பட்டிக்குப் போகலாம் என்று ஜெகந்நாதனிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் கார் சாவியை எடுத்தார். முன்பே சட்டை மாற்றியிருந்தார்.

சூலக்கல் கியர்ஸில் எல்லா மெஷினுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், மாலை. அந்த ஜெர்மன் மெஷினுக்கு மட்டும் ரோஜா மாலை, கண்ணாடிக் கதவில் சந்தனத்தால் ஓம். செய்தவன் பார்த்தால் வாரண்டி கேன்சல் என்பான். தரை துடைத்து வைத்திருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. கெட்டுப்போகப் போகிற கம்பெனியில் முதலில் கெடுவது தரைதான், நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

அவிநாசியப்பன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்களுக்குப் பொரி, சுண்டல், வேட்டி, துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, "வாங்க" என்றார். அவமானப்படுத்தினவளை வாங்க என்று கூப்பிட்டு நாற்காலி போடச் சொல்கிறார். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

"நான் மதுவந்தியோட அம்மாங்க" என்றேன். "அன்னிக்கு மீட்டிங்ல பேசுனது நாந்தான். பேசியிருக்கக் கூடாது. தப்புங்க."

என்னைப் பார்த்தார். ஜெகந்நாதனைப் பார்த்தார். ஜெகந்நாதன் பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தப்பில்லீங்க அம்மிணி" என்றார் அவர். "எனக்கு ஒரு பொட்டப் புள்ள இருந்திருந்தா நானும் இந்த வீட்டுக்குக் குடுத்திருக்க மாட்டனுங்க. நீங்க சொன்னப்பறந்தான் ஒறச்சுது."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். உங்கள் கம்பெனியைப் பற்றி உங்களுக்கே ஒன்றும் தெரியவில்லை என்று ஆரம்பித்துத் தேய்மானம், தவணை, ஐந்து மாதம் மூன்றரை ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பூஜைக்கு வந்த ஆட்கள் சுண்டலோடு சுற்றி நின்றுவிட்டார்கள். இந்த இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டால் ஊரில் இத்தனை சுத்தமான கம்பெனி கிடையாது என்றேன். அதெல்லாம் ஆடிட்டர் பார்ப்பது, தனக்குக் கியர் மட்டும்தான் தெரியும் என்றார். மூன்று கோடி பாக்கியை வசூலியுங்கள், மற்றது தானாக நடக்கும் என்றேன். அங்கேதான் மனுஷன் தலையைக் குனிந்தார்.

பணம் தர வேண்டிய மில்காரர்களில் பெரிய பாக்கி இரண்டு பேரிடம். ஒருவர் இவருடைய பங்காளிக்குச் சம்பந்தி. இன்னொருவர் செத்துப்போன மனைவியின் வழியில் மச்சான் முறை. பையன் மற்றவர்களிடம் எல்லாம் வசூலித்துவிட்டான், இந்த இரண்டு பேரிடம் மட்டும் போக வேண்டாம் என்று இவரே தடுத்து வைத்திருக்கிறார்.

"தை மாசம் பொறந்தா கல்யாணம் காச்சின்னு ஒரே பந்தில உக்காரணுமுங்க" என்றார். "எலையப் போட்டு வெச்சுக்கிட்டு, எம்பணம் எங்கீங்கன்னு எப்படிங்க கேக்கறது?"

ஒரு ஃபேக்டரி பந்தியில் உட்காரும் கூச்சத்தால் நஷ்டத்தில் ஓடுகிறது. இதை எந்த ஆடிட்டர் எந்தக் குறிப்பில் எழுதுவான்?

"நீங்க கேக்க வேண்டாம், நான் போய்க் கேக்கறேன்" என்றேன். "பந்தி நடுவுலயே கேப்பேன். எனக்கு என்ன கூச்சம்?"

"நீங்க யாருன்னு கேப்பாங்களேங்க."

"பிரகதீஷோட மாமியார்னு சொல்றேன்."

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. ஜெகந்நாதன் பொரி மெல்லுவதை நிறுத்தினார். சுண்டல் கூட்டத்தில் யாரோ கை தட்டினான். அவிநாசியப்பன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நெசமாத்தான் சொல்றீங்களா அம்மிணி? குடுக்கறீங்களா?"

இல்லை என்று சொல்ல அப்போதுகூட வழி இருந்தது. புரட்டாசியில் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அரை மணி நேரமாக இந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று தொண்டை கிழியக் கத்தியது நான்தான். நல்லது என்று சொன்ன கடனுக்குக் கையெழுத்துப் போடாமல் நான் எழுந்து போனதில்லை.

"குடுக்கறேன்" என்றேன்.

ஜெர்மன் மெஷின் பக்கம் நின்றிருந்த பையன் ஓடி வந்து காலில் விழுந்தான். விபூதி பூசச் சொன்னார்கள், பூசினேன். பாதி அவன் கண்ணில் விழுந்துவிட்டது.

காரில் ஏறியதும் அழுதேன். ஜெகந்நாதன் ஈச்சனாரி வரை ஓட்டிவிட்டு, பிள்ளையார் கோயில் பக்கம் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார். நல்ல காரியம்தானே என்றார். நல்ல காரியம்தான், அதனால்தான் அழுகிறேன் என்றேன்.

வீட்டில் மது கிளினிக் சாமான்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கூட்டத்துக்குப் போனது, பேசியது, இன்றைக்குப் போனது எல்லாம். அவள் பல் பிடுங்கும் குறட்டுக்குக் குங்குமம் வைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா" என்றாள். "அன்னிக்கு மத்தியானமே பிரகதீஷ் போன் பண்ணிட்டார். என் வாட்ஸ்அப் போட்டோல நீயும் இருக்கியே. டப்பா குடுக்கறப்பவே நீன்னு கண்டுபுடிச்சுட்டார்."

அப்படியானால் அவன் அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாந்தான் சொல்ல வேண்டாம்னேன். எங்கம்மா பண்ணுனத எங்கம்மாவே போய்ச் சரி பண்ணட்டும்னேன்."

"பண்ணலேன்னா?"

"தீபாவளி வரைக்கும் பாத்திருப்பேன். அப்பறம் ரிஜிஸ்டர் ஆபீஸ். சாட்சிக் கையெழுத்துக்கு அப்பா ஒத்துக்கிட்டார்."

திரும்பிப் பார்த்தேன். ஜெகந்நாதன் தோட்டத்தில் இருந்தார். மழை பெய்துகொண்டிருக்கும்போது செடிக்குத் தண்ணீர் விடுகிறார்.

மது எழுந்து வந்து என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து ரொம்ப நேரம் அழுதாள். தட்டை இனிமேல் கழுவாதே என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 3, வெள்ளி

எலக்ட்ரீஷியன் ஒரு வழியாக வந்தான். மோட்டார் ஓடுகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

அவிநாசியப்பன் போன் செய்தார். தை மாதம் மூன்று முகூர்த்தம் பார்த்திருக்கிறாராம், எது எங்களுக்குச் சௌகரியம் என்றார். அதற்கு முன்னால் அந்த இரண்டு மில்காரர்களின் விலாசத்தைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். மச்சான் முறைக்காரரிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னார். பார்க்கலாம் என்றேன்.

மது கிளினிக்கிலிருந்து வரவில்லை. வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஜெகந்நாதன் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார், "இத்தன வருசமா வந்த வரன்ல எல்லாம் நெசமாவே கொற இருந்துதா சேனா?"

இருந்தது என்றேன். ஒருவனுக்குக் கடன். ஒருவனுக்கு ஸ்கோர் கம்மி. ஒருவனுடைய அப்பா யாரோ எடுத்த சீட்டுப் பணத்துக்கு ஜாமீன்.

"எல்லாத்துலயுமா?"

பூண்டை அவரிடமிருந்து வாங்கி நானும் உரித்தேன். அவர் எதையும் உருப்படியாக உரிக்க மாட்டார்.

எல்லாரும் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் வந்தார்கள். எல்லாரிடமும் இருந்த குறை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் தேடிக் கண்டுபிடித்தது. இதை அவரிடம் சொன்னேன். சொன்ன பிறகு அழுகை வந்தது, பூண்டு உரித்தால் கண்ணில் தண்ணீர் வராது என்பதால் அதைக் காரணம் சொல்லவும் முடியவில்லை.

"இவனும் கூட்டிட்டுப் போறேன்னுதானே வந்திருக்கான்" என்றார் ஜெகந்நாதன்.

ஆமாம். இவனிடமும் அந்தக் குறை இருக்கிறது. பார்த்துத் தெரிந்துகொண்டுதான் சரி என்றிருக்கிறேன்.